கொட்டாவியை எண்ணுகிற வேலை

அந்தத் தம்பியிடம் நான் முதலில் பார்த்தது கொட்டாவிதான். நிமிடத்துக்கு மூன்று, நான்கு என்று வந்துகொண்டே இருந்தது. கூடவே மூக்கொழுகல். 103 டிகிரி காய்ச்சலோடு வந்தவன், சளி பிடித்திருக்கும், அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிட்டேன். மெடிக்கல் வார்டில் நைட் டூட்டி. நாற்பது நோயாளிகள், நாங்கள் இரண்டு பேர்.

விடியற்காலை மூன்று மணிக்கு பெட் காலி. நரம்பில் மருந்து ஏற்றக் கையில் போட்டிருந்த கேனுலா குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். போர்வையில் கையகல ரத்தக்கறை. கேஸ் ஷீட்டில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதி, அவுட்போஸ்ட் போலீஸுக்குத் தகவல் கொடுத்து, கையெழுத்துப் போட்டு மூடினேன். அவனுடைய அம்மா மட்டும் மாற்றுத் துணி இருந்த கட்டைப்பையோடு விடியும்வரை அந்த பெட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள். கொட்டாவி, மூக்கொழுகல், மேலெல்லாம் புல்லரித்துக் கிடக்கும் தோல், இருட்டிலும் வெளிச்சத்திலும் அகலமாகவே இருக்கும் கண்மணி. இவை சேர்ந்து வந்தால், பழகிய போதை மருந்து கிடைக்காமல் உடம்பு தவிக்கிறது என்று அர்த்தம். அந்த இரவு எனக்கு அது தெரியாது. நர்ஸிங் படிப்பில் ஒரு பத்தி வந்திருக்கும். பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

நான்காம் நாள் அவன் திரும்பி வந்தான். இந்த முறை ஸ்ட்ரெச்சரில். மூச்சு வாங்கியது, இருமினால் நெஞ்சு வலிக்கிறது என்றான். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வட்ட வட்டமாகத் திட்டுகள். முதலில் டிபி என்று சந்தேகப்பட்டுச் சளியை அனுப்பினார்கள். அதில் ஒன்றும் இல்லை. எக்கோ எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: இதயத்தின் வலது பக்க வால்வில் கிருமிக் கட்டி. அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கின்றன. வயது இருபத்திரண்டு. இந்த வயதில் வலது பக்க வால்வு கெடுகிறதென்றால் முதலில் கையைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தோம். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது.

எங்கள் பக்கம் ‘ஊசி போடுற பசங்க’ என்றால் பெரும்பாலும் டேபண்டடால்தான். வடகிழக்கிலும் பஞ்சாபிலும் ஹெராயின் எப்படியோ, தமிழ்நாட்டில் சில வருஷங்களாக இந்த வலி மாத்திரை அப்படி. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்க்கும் பவுடரும் பசையும் ரத்தத்தில் கரையாது. அதுதான் நரம்பை அடைக்கிறது, சீழ்க்கட்டியாக நிற்கிறது. கிருமியும் அதே வழியில் போகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. போட்டிருந்தால் போதுமா?

இவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. கூட வேலை பார்த்தவன் ‘இதைப் போடு, வேலைக்குப் போயிடலாம்’ என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறான். ஆறு மாதத்தில் ஊசிக்கு வந்துவிட்டான். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது மூன்றாவது வாரத்தில். முதல் நாள் கேட்டபோது, “அதெல்லாம் இல்ல சிஸ்டர்” என்றான். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது நான் கேட்டால் வேறென்ன சொல்வான்? இப்போது அம்மாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். கேட்கும் விதமும் மாறிவிட்டது. “போதைப் பழக்கம் உண்டா?” என்றால் உடனே இல்லை என்றுதான் வரும். “வலி மாத்திரை எடுப்பீங்களா தம்பி? முழுங்குவீங்களா, கரைச்சு ஏத்துவீங்களா? கடைசியா எப்போ?” என்று சர்க்கரை நோயாளியிடம் இன்சுலின் கணக்குக் கேட்பது போலக் கேட்டால் நேரத்தோடு சொல்லிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதும் அந்த நேரம்தான். தூக்க மாத்திரை, சாராயம் பற்றியும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். நைட்ரஸீபாம் மாதிரித் தூக்க மாத்திரைக்குப் பழகியவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது உயிரைக் குடிக்கக் கூடியது.

போலீஸ் பயமும் உண்டு. சிகிச்சைக்குத் தானாக முன்வருகிற, போதைக்கு அடிமையான ஒருவரை வழக்கிலிருந்து காக்க 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வார்டில் யாருக்கும் நேரமில்லை. “இங்க சொல்றது மருந்து கொடுக்கிறதுக்கு மட்டும்தான்” என்று நான் சொல்லிவிடுவேன்.

சரி, அந்த இரண்டாவது அட்மிஷனுக்கு வருகிறேன். சாயங்காலம் நெஞ்சு வலியில் துடித்தான். டியூட்டி டாக்டர் போனிலேயே பென்டசோசினும் ப்ரோமெதஸினும் போடச் சொன்னார். எல்லா வார்டிலும் வலிக்கு வழக்கமாகப் போடுகிற ஜோடி அது. ஆயிரம் பேருக்காவது என் கையால் போட்டிருப்பேன். போட்டேன். கால் மணி நேரத்தில் அவன் நிலைமை தலைகீழானது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், வாந்தி, படுக்கையிலேயே பேதி, கை கால் குடைச்சல் என்று கத்தினான். கையில் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. “என்னத்த சிஸ்டர் போட்டீங்க?” என்று கேட்டான். நடிக்கிறான் என்றார் உடனிருந்தவர். நானும் நம்பினேன். இன்னும் ஊசி கேட்டு நாடகம் போடுகிறான் என்று நைட் ரிப்போர்ட்டில் எழுதக்கூடச் செய்தேன்.

மறுநாள் மனநலப் பிரிவிலிருந்து ஒரு மேடம் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பென்டசோசின் என்ற வரியில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: “மூளையில அந்த மருந்துக்குன்னு சீட் இருக்கு சிஸ்டர். இவன் போடுற டேபண்டடால் அதுல உட்கார்ந்திருக்கு. பென்டசோசின் வந்து அதை எழுப்பி விட்டுட்டுத் துண்டைப் போட்டு இடம் பிடிச்சிடும். ஆனா அந்த வேலையை முழுசா செய்யாது. வர வேண்டிய தவிப்பெல்லாம் மெதுவா வராம ஒரே நேரத்துல வந்துடும்.”

நடிப்பு என்று நான் எழுதியதை நானே கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் ஒருவர் ஓபியாய்டு, அதாவது டேபண்டடால், ஹெராயின் போன்ற அபின் வகை மருந்து எடுப்பவர் என்று தெரிந்தால் நான் முதலில் செய்வது, கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் ‘பென்டசோசின், பியூடார்ஃபனால் வேண்டாம்’ என்று எழுதுவதுதான். டிரமடால் என்ற வலி மருந்தையும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போடுவேன். டேபண்டடாலோடு சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தத் தவிப்பை அளக்கும் ‘கவ்ஸ்’ (COWS) அளவுகோலை அந்த மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பதினொரு விஷயங்களைப் பார்த்து எண் போட வேண்டும்: நாடித்துடிப்பு, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்மணி, எலும்பு மூட்டுக் குடைச்சல், மூக்கொழுகல் கண்ணீர், வயிறு, கை நடுக்கம், கொட்டாவி, பதற்றம், புல்லரிப்பு. கொட்டாவி நிமிடத்துக்குப் பல தடவை என்றால் 4. முதல் இரவு நான் பார்த்துவிட்டு நகர்ந்த கொட்டாவி முழு மார்க் வாங்கிய கொட்டாவி. மொத்தம் 5 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

புத்தகத்தில் எடுப்பாகச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கடும் காய்ச்சலில் இருப்பவருக்கு நாடி 120-ஐக்கூடத் தாண்டலாம், வியர்வையும் கொட்டலாம். ஆகவே அந்த இரண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவோம். கண்மணி, புல்லரிப்பு, கொட்டாவி இந்த மூன்றும் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. அதற்காகக் காய்ச்சலை மறந்துவிடவும் கூடாது. கவ்ஸ் குறைந்தும் நாடி குறையவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

காலை பத்து மணிக்கு அவனுக்கு ஸ்கோர் 17. கடைசியாக ஏற்றியது எப்போது என்று மேடம் கேட்டார். முந்தைய நாள் மதியம் என்றான். புப்ரெனார்ஃபின் கொடுப்பதற்கு அந்தக் கணக்கு முக்கியம். இதுவும் சீட்டைப் பிடிக்கிற மருந்துதான். பென்டசோசினைவிடப் பலமாகப் பிடிக்கும், ஆனால் அந்தத் தவிப்பை அடக்குகிற அளவுக்கு வேலையும் செய்யும். பழைய மருந்து சீட்டில் இருக்கும்போதே கொடுத்தால் மறுபடியும் நேற்றைய கூத்துதான். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தவிப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்கோர் எட்டு வந்தால் போதும் என்பவர்களும் உண்டு, பன்னிரண்டு வரட்டும் என்பவர்களும் உண்டு.

2 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வாய் தண்ணீர், வாய் காய்ந்திருந்தால் கரையாது. வைத்த பிறகு பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கிவிட்டால் வயிற்றுக்குப் போய்ப் பெரும்பாலும் வீண்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஏழு நிமிடம் ஆனது. “வாயத் திற தம்பி, நாக்கத் தூக்கு.” பொடி இல்லை.

நாற்பது நிமிடத்தில் கையில் புல்லரிப்பு அடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து நாலு இட்லி சாப்பிட்டான். மதியம் இன்னொரு டோஸ் கொடுத்தோம். இரண்டு மணிக்குத் தூங்கிப்போனான். அவனுடைய அம்மா ஓடிவந்து, “சிஸ்டரம்மா, புள்ள அசையவே மாட்டேங்குறான்” என்றார். போய்ப் பார்த்தேன், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். பதினாறு. “தூங்குறான்மா” என்றேன். “இப்படி இவன் தூங்கிப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு” என்றார்.

மூன்றாம் நாள் 8 மில்லிகிராமில் நின்றது. அதற்கப்புறம் அவன் எங்கேயும் ஓடவில்லை.

புப்ரெனார்ஃபின் எல்லா இடத்திலும் உடனே கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மனநலப் பிரிவில் ஆள் இருக்காது. மருந்து பூட்டிய அலமாரியில். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டுவதற்கு டாக்டரைக் கேட்டு தவிப்பைக் குறைக்கக் குளோனிடின், பேதிக்கு லோப்பரமைடு, வாந்திக்கு ஆன்டான்செட்ரான், வலிக்குப் பாராசிட்டமால் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். குளோனிடின் கொடுக்கும் முன் பிபி பார்க்காமல் கொடுக்கவே கூடாது. மேல் அளவு 90-க்குக் கீழே போனால் நிறுத்திவைக்க வேண்டியதுதான். கிருமித் தொற்றில் பிபி ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு இது சரிப்படாது. முதல் மூன்று நாளில்தான் குடைச்சல் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலோர் ஓடுவதும் அப்போதுதான். தானாக அடங்க ஒரு வாரம் ஆகும். வால்வில் கட்டி உள்ளவருக்கு அந்த ஒரு வாரம் கிடையாது.

சிகிச்சை ஆறு வாரம். வான்கோமைசின், ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டு ஓடவிட்டால் முகம் கழுத்தெல்லாம் சிவந்து அரிப்பெடுக்கும். இதற்கு நரம்பு வேண்டுமே! இவனுக்கு நரம்பே இல்லை. நான் ஒருமுறை, இன்டர்ன் ஒருமுறை, மறுபடி நான். நாலாவது குத்தலுக்கு முன் சலித்துப்போய், “எங்கதான் தம்பி கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டேன். இடது கையை நீட்டி, கட்டை விரலுக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டான். “இது மட்டும் இருக்கு சிஸ்டர். இதுல நான் போட்டதே இல்ல.” ஒரே குத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து இந்த நோயாளிகளிடம் கேட்ட பிறகுதான் கையில் டூர்னிகே பட்டையை இறுக்கிக் கட்டுகிறேன். தன் நரம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

கேனுலாவோடு ஆறு வாரம் வைத்திருப்பது ஆபத்து, அதிலேயே ஏற்றிக்கொள்வான் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தினமும் ராத்திரி கழற்றிவிட்டுக் காலையில் புதிதாகக் குத்தினால் மிச்சமிருக்கும் ஒரு நரம்பும் போய்விடும். மேலே பேண்டேஜ் சுற்றி, பிளாஸ்டரின் மேல் தேதியும் என் கையெழுத்தும் போட்டேன். ஷிஃப்டுக்கு ஒருமுறை பார்த்தோம். அவனிடம் மறைக்காமலே செய்தேன். “சந்தேகப்படுறீங்களா?” என்றான். “கொஞ்சம்” என்றேன். சிரித்தான்.

இரண்டாம் வாரம் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு இரவு நெஞ்சு வலி என்றான். நான் லீவில் இருந்தேன். ‘இவனுக்கெல்லாம் டிஸ்டில்ட் வாட்டர் போதும்’ என்று யாரோ முடிவெடுத்து, வலி ஊசி என்று சொல்லி வெறும் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். இது ஏதோ ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை. எத்தனையோ வார்டுகளில் இது ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊசியில் வாழ்ந்தவனை ஊசியால் ஏமாற்ற முடியுமா? மறுநாள் காலை துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் பேசி உட்கார வைத்தேன். அந்த நெஞ்சு வலி உண்மையானது என்பது அன்றைய எக்ஸ்ரேயில் தெரிந்தது, நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தது.

ஓபியாய்டுக்குப் பழகிய உடம்புக்கு வலி நம்மைவிட அதிகமாகத்தான் தெரியும், சாதாரண அளவு மருந்து எடுபடாது. மேடம் புப்ரெனார்ஃபினை நிறுத்தவில்லை. அதே மொத்த அளவை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். வலிக்கு அது அத்தனை நேரம்தான் நிற்குமாம். மேலே பாராசிட்டமால் நேரம் தவறாமல். ஆபரேஷன் இருந்தால் புப்ரெனார்ஃபினை நிறுத்திவிட்டு வரச் சொல்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நிறுத்தினால் வலியும் கூடும், பழைய வழிக்குத் திரும்பும் ஆபத்தும் கூடும். மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் சரி.

இன்னொருவரின் கதையையும் இதில் சேர்க்க வேண்டும். வேறு வார்டு, முப்பது வயதுக்காரர். பாத்ரூம் கதவு திறக்கவில்லை என்று உடைத்துப் பார்த்தால் கீழே கிடக்கிறார். உதடு நீலம், கண்மணி ஊசி முனை அளவு, நிமிடத்துக்கு நான்கு மூச்சு. மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் பிடித்தோம், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் வந்தது. பதற்றத்தில் 0.4 மில்லிகிராம் ஆம்பூலை அப்படியே ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்கள். எழுந்தார். எழுந்த வேகத்தில் வாந்தி எடுத்து, எங்களைத் தள்ளிவிட்டு, வெளியே ஓடிவிட்டார். நலாக்ஸோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். உள்ளே போன மருந்து அதற்கு மேலும் இருக்கும். அவரைத் தேடி வாட்ச்மேன் சைக்கிள் ஸ்டாண்டு வரை ஓடினார். நல்ல வேளை, அங்கேயே உட்கார்ந்திருந்தார், மறுபடியும் கண் சொக்கிக்கொண்டிருந்தது.

இப்போது நாங்கள் அந்த ஆம்பூலை 10 மில்லியாகக் கலந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மில்லியாகக் கொடுக்கிறோம், மூச்சைப் பார்த்துக்கொண்டே. நிமிடத்துக்குப் பத்து பன்னிரண்டு மூச்சு வந்தால் போதும், எழுந்து உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமில்லை. மருந்து வரும்வரை பேக் பிடிப்பதுதான் உயிர் காக்கும். இதயமே நின்றுவிட்டால் கணக்கு வேறு.

தம்பிக்கு ஆறு வாரமும் முடிந்தது. நான்காவது வாரம் சும்மா இருக்க முடியாமல், அழிந்துபோயிருந்த பெட் நம்பர்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். யார் அனுமதி கொடுத்தது என்று ரவுண்ட்ஸில் கேள்வி வந்தது, அது தனிக்கதை. எச்ஐவி இல்லை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருந்தது. அதற்கு 2018-லிருந்து அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம், அவனுக்குப் பன்னிரண்டு வாரம் எழுதினார்கள். 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் ஊசியில் போதை மருந்து ஏற்றுபவர்கள் 8.5 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. கல்லீரல் பரிசோதனையைக்கூட நாம் கேட்காமல் அனுப்பியவர்கள் அதில் எத்தனை பேரோ.

டிஸ்சார்ஜ் அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். புப்ரெனார்ஃபின் நாளைக்கு எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் என்பதை எழுதிக் கொடுத்தேன். ‘மனநல ஓபியில் பார்க்கவும்’ என்ற ஒற்றை வரியை நம்பி அனுப்பினால் பெரும்பாலோர் போய்ச் சேர மாட்டார்கள். அப்போது மனநலப் பிரிவு ஓபியிலேயே ஏற்பாடு. இப்போது அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ மையங்கள் வந்திருக்கின்றன, கொஞ்சம் சுலபம். எங்கே போவதென்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவச எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதிவிடுகிறேன். அப்புறம் அவனையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்து ஒன்றைச் சொன்னேன்: “மறுபடி போடக் கூடாது. ஆனா அப்படியே போட்டுட்டா, பழைய அளவைப் போட்டுடாதே. உடம்பு இப்ப அதைத் தாங்காது.” அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது, நானே வழி சொல்லிக் கொடுக்கிறேன் என்று. சத்துணவுக்கூடத்தில் வேலை பார்ப்பவர், விவரமானவர். பிறகு அவரே கேட்டார், மூச்சு எப்படி எண்ணுவது என்று. அவனையே பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காட்டினேன். எண்ணிப் பார்த்தார். பதினெட்டு என்றார். எனக்கும் பதினெட்டுதான்.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தான். நாலாவது மாதம் பதினாறு நாள் வரவில்லை, போன் சுவிட்ச் ஆஃப். பதினேழாம் நாள் காலை எட்டேகாலுக்கு ஓபி வாசலில் நின்றான். கண்ணை நிமிர்த்தவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டான். கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். “கடைசியா எப்போ தம்பி?” என்றேன். “நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கா,” என்று சொல்லிவிட்டு இடது கையைத் தானாகவே நாடி பார்க்க நீட்டினான்.